ஊர்க்கட்டுப்பாடும் உலக நீதியும்

(கோவில்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சர்வதேச அரசியலும் மனித உரிமையும் என்பதாகும். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, "மழையைப் பார்த்துக் கரிசல் காட்டில் விதை போட்டு, மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிப் பிழைக்கின்ற நமக்கும், எங்கேயோ இருக்கும் ஐக்கிய நாடுகள் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே நான் வந்திருக்கிறேன். நம் கிராமத்துச் சாவடியில் பேசப்படும் ஒரு வார்த்தைதான் அந்த உலக சபையிலும் பேசப்படுகிறது. அது என்ன வார்த்தை என்றால், "இது எங்கள் விவகாரம்; வெளியார் இதில் தலையிடக் கூடாது" என்பதாகும். இந்த ஒரு வார்த்தையைப் பற்றி மாத்திரம் இன்று யோசிப்போம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், இங்கிருந்து அதிக தூரமில்லாத சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளம் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் காசை எடுத்துக்கொண்டு கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். அவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள். கடைக்காரர் ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதாகவும், இனி அவர்களுக்குப் பண்டம் கிடையாது என்றும் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதை வீடியோப் படமாகவும் எடுத்து வெளியே பரவ விட்டார். அதாவது, தாம் செய்வது குற்றம் என்கிற எண்ணமே அவருக்கு இல்லை. ஊர்க்கட்டுப்பாட்டைக் காப்பாற்றியதாகவே எண்ணம். அந்தப் படத்தை வெளியூரார் பார்த்துக் காறித் துப்பிய பிறகுதான் கைதும் நடந்தது, கடைக்குச் சீலும் வைத்தார்கள். வெளியார் கண்ணில் படாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

தோழர்களே! ஊரார் செய்தால் சர்க்காரிடம் போகலாம். சர்க்காரே செய்தால் எங்கே போவது? இதே மாவட்டத்தில் ஒட்டப்பிடாரம் தாலுக்காவில் கொடியங்குளம் என்ற ஊர் இருப்பது உங்களுக்குத் தெரியும். தேவேந்திரகுல மக்கள் வாழும் ஊர். அவர்களில் சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துச் சம்பாதித்துக் காரை வீடு கட்டி, டெலிவிஷனும் மின்விசிறியும் தையல் மெஷினும் வாங்கி வைத்திருந்தார்கள். 1995 ஆகஸ்ட் 31-ந் தேதி, குற்றவாளிகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். தேடியது ஆட்களை, உடைத்ததோ டெலிவிஷனையும் தையல் மெஷினையும். பெண்களையும் கிழவர்களையும் அடித்தார்கள். பாஸ்போர்ட்டுகள் நாசமாக்கப்பட்டன. ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் விஷம் கலந்தார்கள் என்பது அம்மக்களின் புகார். குற்றவாளியைத் தேடுகிறவனுக்குப் பாஸ்போர்ட்டைக் கிழிக்க வேண்டிய அவசியம் என்ன? கிணறு எந்தக் கொலையைச் செய்தது? "இவனும் நல்லபடி வாழ்வதா?" என்கிற ஜாதிப் பொறாமை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் என்ன சொல்ல முடியும்?

இந்தச் சங்கதி நாலு வருஷம் கழித்து, 1999-இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் நியூயார்க் நகரத்துச் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் ஏறியது. நம் கரிசல் காட்டு ஊர் ஒன்றின் பெயர் உலகத்தின் முன்னால் எழுதி வைக்கப்பட்டது. உடனே தேச பக்தர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிணற்றைக் கெடுத்தபோது வராத ரோஷம், அதை எழுதியபோது வந்தது!

நிற்க. கொடியங்குளம் நடந்து சரியாக ஆறு வருஷம் கழித்து, 2001-இல், அதே ஆகஸ்ட் 31-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் இனவெறியை எதிர்க்கும் உலக மகாநாடு ஆரம்பமாயிற்று. அது எந்த டர்பன்? 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் ஏற்றி, கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்களைக் கொண்டுபோய் இறக்கிய அதே டர்பன். நம் நாட்டிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் பலர் அங்கே போய், "பிறப்பினால் மனிதனை இழிவு செய்யும் ஜாதிக் கொடுமையையும் இந்த மகாநாடு பேச வேண்டும்" என்று கேட்டார்கள். அதற்கு இந்திய சர்க்கார் என்ன பதில் சொன்னது? "ஜாதி வேறு, இனம் வேறு, எங்களிடம் அரசியல் சட்டம் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிற்று. கடைசியில் மகாநாட்டுத் தீர்மானத்தில் ஜாதி என்ற வார்த்தையே இல்லாமல் போயிற்று. பாஞ்சாங்குளத்துக் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால், இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1946-இல் இதே தென் ஆப்பிரிக்காவில், இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று ஒரு சட்டம் செய்தார்கள். அதாவது வெள்ளைக்காரன் அங்கே ஒரு சேரி கட்டினான். இந்தியா உடனே அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தி, ஐக்கிய நாடுகள் சபையில் புகார் கொடுத்தது. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் போய் வாதாடினார். தென் ஆப்பிரிக்காவின் பிரதம மந்திரி ஸ்மட்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? சபையின் சாசனத்தில் 2-வது ஷரத்தின் 7-வது பிரிவைக் காட்டி, "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்று சொன்னார். இத்தனைக்கும் அந்தச் சாசனத்தின் முகவுரையில் மனித உரிமையைப் பற்றி எழுதியதில் முக்கியப் பங்கு அதே ஸ்மட்சுக்கு உண்டு! இந்தியா விடவில்லை. மனிதனை மனிதன் இழிவு செய்வது எந்த நாட்டுக்கும் உள்நாட்டு விவகாரம் ஆகாது என்று வாதாடி, டிசம்பர் 8-ந் தேதி 32 ஓட்டுக்கு 15 ஓட்டு என்ற கணக்கில் ஜெயித்தது. நல்ல காரியம், பாராட்ட வேண்டிய காரியம். 1948-இல் உலக மனித உரிமைப் பிரகடனம் எழுதியபோதும், "ஆண்கள் எல்லோரும்" என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை, "மனிதர்கள் எல்லோரும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையார். 1965-இல் இனவெறியை ஒழிக்கும் உடன்படிக்கை தயாரானபோது, நிறம், இனம் என்பவைகளோடு "வம்சாவளி" என்ற வார்த்தையையும் சேர்க்கச் சொன்னது இந்தியாதான்.

பின்னால் என்ன நடந்தது? அந்த உடன்படிக்கையைக் கவனிக்கும் கமிட்டி, "வம்சாவளி என்றால் அதில் ஜாதியும் அடக்கம்" என்று 1996-இலும், பிறகு 2002-இலும் சொன்னது. அந்த வார்த்தையைக் கொடுத்த இந்தியாவே, "அதற்கு அந்த அர்த்தம் இல்லை" என்றது. 2006 டிசம்பரில் பிரதம மந்திரி மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்பாகச் சொல்லக்கூடியது தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி ஒன்றுதான் என்று டெல்லியில் பேசினார். இரண்டு மாதம் கழித்து ஜெனீவாவில் அவருடைய சர்க்காரின் பிரதிநிதிகள், ஜாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்று வாதாடினார்கள். தோழர்களே! பருத்தி வாங்கும்போது ஒரு எடைக்கல், விற்கும்போது ஒரு எடைக்கல் வைத்திருக்கும் வியாபாரிக்கு நீங்கள் என்ன பெயர் கொடுப்பீர்கள்?

இதற்கு அவர்கள் மூன்று சமாதானம் சொல்லுகிறார்கள். முதலாவது, வெளியே சொன்னால் நாட்டுக்கு அவமானமாம். வீட்டில் காலரா வந்தால் மறைத்து வைக்கிறவன் மானஸ்தனா, வைத்தியரைக் கூப்பிடுகிறவன் மானஸ்தனா? செய்வது அவமானமல்ல, சொல்லுவதுதான் அவமானம் என்பது திருடனுடைய நியாயமேயன்றி மனிதனுடைய நியாயம் ஆகாது.

இரண்டாவது, சட்டம் இருக்கிறதாம். இருக்கிறது, யார் இல்லையென்றார்கள்? 1950 முதல் அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து இருக்கிறது. 1989-இல் செய்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. கொடியங்குளத்துக்குள் போலீசார் புகுந்த அன்றும் அவை இருந்தன. பாஞ்சாங்குளத்துப் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பிய அன்றும் அவை இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருப்பதனால் மாத்திரம் தாகம் தீர்ந்துவிடுமா? இறைக்க விட வேண்டாமா? இறைக்க விடாதவனை ஏனென்று கேட்க ஒருவன் வேண்டாமா?

மூன்றாவது சமாதானத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மனித உரிமை பேசும் வல்லரசுகள் யோக்கியர்களா என்று கேட்கிறார்கள். அல்ல என்றுதான் நானும் சொல்லுவேன். 2003-இல் ஈராக்கின்மேல் படையெடுத்தவர்களும் அந்த ஜனங்களின் விடுதலையைப் பற்றித்தான் பேசினார்கள். வேண்டாத நாடு செய்தால் கொடுமை, வேண்டிய நாடு செய்தால் மௌனம் என்பது அவர்களுடைய எடைக்கல். ஆனால், "வீடு பற்றி எரிகிறது" என்று கூச்சல் போட்டவன் அயோக்கியன் என்பதற்காக நெருப்பு பொய்யாகிவிடுமா? தவிரவும், நாம் படையைக் கூப்பிடவில்லை. ஜெனீவாவில் இருக்கும் கமிட்டிக்குப் போலீஸ் கிடையாது, ஜெயில் கிடையாது. அது கேள்வி கேட்கும். கிடைத்த பதிலை எழுதி வைக்கும். அவ்வளவுதான். வெறுங்கேள்விக்கே இவ்வளவு பயம் என்றால், பதிலில் கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

உலகம் இரக்கம் காட்டினால் போதாதா, உரிமையெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. கடலுக்கு ஜாதி தெரியவில்லை. கரையில் இருந்த மனிதனுக்குத் தெரிந்தது. நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்பது அப்போதே எழுதப்பட்ட விஷயம். உரிமை இல்லாதவனுக்கு அரிசி கொடுத்தால் அந்த அரிசியும் கடைசி வரிசைக்குத்தான் வரும்.

வெளியார் தலையிடுவது நம் இயக்கத்திற்குப் புதிதல்ல. 1924-இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர்களும் புலையர்களும் நடக்கக் கூடாது என்றிருந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு அவர் அந்நியர்தான். இரண்டு முறை ஜெயிலில் போட்டார்கள். ஜார்ஜ் ஜோசப் கிறிஸ்தவர் என்பதாலும், இலவச உணவுச்சாலை வைத்த அகாலிகள் சீக்கியர் என்பதாலும், "இது இந்துக்களின் விவகாரம்" என்று அவர்களை விலகிக்கொள்ளச் சொன்னவர் காந்தியார். எல்லா வெளியாரும் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்திருந்தால், அந்தத் தெருக்கள் எப்போது திறந்திருக்கும்?

கடைசியாக ஒன்று சொல்லுகிறேன்; இது நமக்கே உறைக்க வேண்டியதாகும். 2009-இல் இலங்கையில் நம்மவர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. நியமித்த குழு 2011-இல் சொன்னது. யுத்தம் முடிந்த சில நாட்களில், மே 27-ந் தேதி, மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை சர்க்காரை மெச்சும் ஒரு தீர்மானம் வந்தது. பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பதும் அதில் இருந்தது. இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. நமக்கெல்லாம் வயிறு எரிந்தது. "உலகமே, ஏன் சும்மா இருக்கிறாய்?" என்று கேட்டோம். கேட்டது நியாயம். ஆனால் அப்படிக் கேட்ட நம்மில் எத்தனை பேர், பக்கத்துத் தெருவில் நடந்த கொடுமைக்கு, "அது அந்த ஊர்ப் பிரச்சனை, நமக்கெதற்கு?" என்று வாய் மூடி இருந்தோம்? கொழும்பு சர்க்காரைப் பார்த்து நாம் கேட்ட கேள்வியைக் கோவில்பட்டிப் பக்கத்து ஊர்ச் சாவடியில் கேட்கத் தைரியம் இல்லையென்றால், நம் கையிலும் இரண்டு எடைக்கல் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆகவே தோழர்களே! செய்ய வேண்டிய காரியம் பெரிதல்ல. உங்கள் ஊரில் கட்டுப்பாடு என்ற பெயரால் ஒருவனுக்குத் தண்ணீரோ, பண்டமோ, பாதையோ மறுக்கப்பட்டால், தேதி போட்டு எழுதி வையுங்கள். போலீசில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். போலீசார் வாங்காவிட்டால் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்புங்கள்; 1993-இல் ஏற்பட்ட தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கும் எழுதுங்கள். எழுதி வைக்காத கொடுமையை எந்த உலக சபையும் விசாரிக்க முடியாது. முக்கியமாக, பாதிக்கப்பட்டவன் மாத்திரம் மனு எழுதினால் போதாது. பாதிக்கப்படாத ஜாதிக்காரனும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துத்தான் ஊர்க்கட்டுப்பாட்டை உடைக்கும் முதல் சம்மட்டி.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் பகுத்தறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் செய்யுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.