வாந்திபேதியை ஓட்டியது யார்?



முன்காலத்தில் வாந்திபேதி வந்தால் நம்மவர்கள் அம்மனுக்குக் கோபம் என்று கூழ் ஊற்றினார்கள், கிடா வெட்டினார்கள். பூசாரிக்கு வரும்படி வந்ததே தவிர, பேதி நின்றபாடில்லை.

வெள்ளைக்காரப் பாதிரியும் இதில் இளைத்தவரல்ல. 1853-ம் வருஷத்தில் எடின்பரோ பாதிரிமார்கள், காலராவை முன்னிட்டு தேசமெங்கும் உபவாசமிருக்க ஒரு நாள் குறிக்கப்படுமா என்று சர்க்காரைக் கேட்டார்கள். உள்நாட்டு மந்திரி பாமர்ஸ்டன், "முதலில் ஏழைகள் குடியிருக்கும் தெருக்களின் அசுத்தத்தை அகற்றுங்கள், அதைச் செய்யாமல் ஜெபமும் விரதமும் பலிக்காது" என்ற கருத்தில் பதில் எழுதிவிட்டார்.

அடுத்த வருஷம் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் 600-க்கு மேற்பட்டவர்கள் காலராவில் மாண்டார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர், செத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே குழாயடித் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டு, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பக்கத்து வீட்டு மலக்குழி அந்தக் கிணற்றில் கசிந்தது பின்னால் தெரிந்தது.

பிறகு பேசல்ஜெட் என்ற இஞ்சினீயர் அந்நகருக்குப் பாதாளச் சாக்கடை கட்டினார். 1866-ல் காலரா மறுபடியும் வந்தது. எங்கே வந்தது? பெரும்பாலும் சாக்கடை வேலை முடியாத கிழக்கு லண்டனில்! ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடவுள் ஒருவரே, ஊரும் ஒன்றே. சாக்கடை முடிந்த பக்கம் தப்பியது. முடியாத பக்கம் மாண்டது. குடிக்கிற தண்ணீரும் கழிக்கிற தண்ணீரும் சேராமல் காப்பதுதான் இந்த இஞ்சினீயர் வேலை. இதற்கு மந்திரம் வேண்டியதில்லை. மட்டப்பலகையும் கணக்கும் போதும்.

ஆனால் தோழர்களே! ஊரைக் காக்கும் அந்தச் சாக்கடையே நம் நாட்டில் அதைச் சுத்தம் செய்கிறவனைக் கொல்லுகிறது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருக்கிறது. அது மிஞ்சினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது; அடுத்து மூச்சு நின்றுவிடும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாதென்று 2013-ல் சட்டம் வந்தது. செத்தால் 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. குழிக்குள் இறங்கும் யந்திரத்தை 2018-லேயே திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டினார்கள்.

சட்டமும் யந்திரமும் இருக்க, மனிதனை இறக்குவானேன்? இறங்குகிறவன் 'இன்ன ஜாதி' என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் உண்டா? தேருக்கு வடம் வாங்கப் பணமிருக்கிறது; சாக்கடைக்கு யந்திரம் வாங்கத்தானா பணமில்லை?

ஆகவே, ஒவ்வொருவரும் அவரவர் முனிசிபாலிட்டியிடம், "குழியில் இறங்குவது யந்திரமா, மனிதனா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.