சுமைக்கும் சுகத்துக்கும் ஒரு வண்டி

எஸ்டேட் கார் என்றதும் இலங்கை நேயர்க்குத் தேயிலைத் தோட்டமே நினைவுக்கு வரும். பெயர் பிறந்த இடமோ இங்கிலாந்து. அங்கே நாட்டுப்புற மாளிகைக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடையே ஆளையும் பெட்டியையும் சுமந்த வண்டி அது. சுமை வண்டிதானே என்று, ஓட்டுவதில் இன்பம் காண்போர் பலர் அதனை ஒதுக்கினர்.

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தில் பணியாற்றிய மக்ஸ் ரைஸ்பொக் என்பவர் அவ்வாறு ஒதுக்கவில்லை. அந்நிறுவனத்தின் சிறிய காரில் குடும்பத்தின் விடுமுறைப் பொருள்கள் அடங்கா என்று கண்டு, 1980களின் நடுப்பகுதியில், விபத்தில் சிதைந்த காரொன்றை வாங்கி, நண்பரின் பட்டறையில் கூரையைப் பின்புறம்வரை நீட்டினார். நிறுவனத்தாருக்கு அது பிடித்துப்போயிற்று. 1987இல் பிராங்க்போர்ட் கண்காட்சியில் அவ்வகைக் கார் இடம்பெற்றது. ஆயினும், பின்விளக்குகளுக்கு இடையே கதவு ஒடுங்கியமையால் பொருள் ஏற்றும் வாயில் கீழே குறுகியது.

ஆகவே, இத்தகைய விலையுயர்ந்த வண்டியை வாங்குவோர் எத்தனை லீற்றர் கொள்ளும் என்று கேட்பதோடு நில்லாமல், வாயிலின் அகலத்தையும் அளத்தல் வேண்டும். கூரை சரியச் சரிய அழகு கூடும். அலுமாரி உள்ளே போகாது.

ஜீப் வகையைவிட எஸ்டேட் தாழ்ந்திருப்பதால் வளைவுகளில் சாய்வு குறைவு. ஆனால், பின்னே பாரம் ஏறினால் முன்புறம் உயர்ந்து, சுக்கானின் பிடிப்புத் தளரும். 1977இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ்டேட்டில், பாரத்துக்கேற்பத் தானே மட்டம் காக்கும் பின்புற அமைப்பு இதற்காகவே இருந்தது. ஓட்டிப் பார்ப்போர் நால்வரை ஏற்றி, இரண்டு அரிசி மூட்டைகளையும் பின்னே வைத்து, வளைவில் திருப்பிப் பார்க்கட்டும். விற்பவர் முகஞ் சுளிக்கலாம்; சுளிக்கட்டும்.