கதவின் சாவி யார் கையில்?

(வெளிநாட்டு வேலைக்குப் போவது பற்றி, ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நம் ஒவ்வொரு தெருவிலும் பேசப்படுகிற விஷயம்தான். குவைத்துக்குப் போகலாமா, சவூதிக்குப் போகலாமா, மலேசியாவுக்குப் போகலாமா என்று யோசிக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. ஆலையில் ஷிப்டு குறைந்தவர் யோசிக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வராமல் நடவு வேலை இழந்தவர் யோசிக்கிறார். அவர் யோசிக்கும்போதே, அடுப்பங்கரையிலிருந்து தாயார் கேட்கிறாள்: "அங்கே உயிருக்குப் பயமில்லையா, தம்பி?"

இந்தக் கேள்வியை யாரும் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. ஏஜெண்டு சிரித்துத் தள்ளுவான். அவனுக்குக் கமிஷன் வேண்டும். நாம் தாயார் பக்கம் உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். "போகாதே" என்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. போய்ச் சம்பாதித்து, கடனை அடைத்து, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பெட்டியில் பிணமாக வந்தவர்களின் வீடுகளும் நம் ஊர்களில் இருக்கின்றன. இரண்டும் உண்மை. ஆகவே அபாயத்தை எடைபோடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எது பெரிய அபாயம்?

வெளிநாட்டு அபாயம் என்றால் நம் மனதில் முதலில் வருவது யுத்தம், குண்டு. அது பொய்யல்ல. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது, 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானங்களில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரத்தில் கட்டிட வேலைக்குப் போயிருந்த இந்தியத் தொழிலாளர்களை ஆயுதக் கும்பல் பிடித்துக்கொண்டு போயிற்று. அவர்களில் 39 பேர் கொல்லப்பட்டார்கள் என்று நம் சர்க்கார் அறிவித்தது 2018 மார்ச்சில்தான். கிட்டத்தட்ட நான்கு வருஷம் அந்தக் குடும்பங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் காத்திருந்தன.

அதே 2014-இல், அதே ஈராக்கில், திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டார்கள். நல்லவேளையாக ஜூலை மாதத்தில் உயிரோடு திரும்பினார்கள். நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யுத்தம் வாசலுக்கு வந்த பிறகும், உடனே கிளம்புவதற்கு அவர்களில் பலர் தயங்கினார்கள். ஏன்? வேலைக்காக வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு நின்றது. சம்பளம் பாக்கி நின்றது. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்பதே அவர்கள் கவலை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, தோழர்களே. குண்டைக் கண்டால் மனிதன் ஓடுவான். ஓட முடியாமல் அவன் காலைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலை, குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 200 பேர். இறந்தவர்கள் 50 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கே யுத்தம் இல்லை, கலகம் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். சீக்கிரம் தீப்பற்றும் பொருள்களால் அறைகள் தடுக்கப்பட்டிருந்தன. மொட்டை மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது.

பூட்டிய கதவு! அயல்நாட்டு அபாயத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது. யுத்தம் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு விமானம் வரும். பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண்ணின் மேல் அடி விழுந்தால் எந்த விமானம் வரும்?

நாம் அறியாத பூட்டா இது?

"அப்படியானால் ஊரிலேயே இருந்துவிட்டால் பத்திரம்" என்று நினைக்க வேண்டாம். 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்ததை விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை ஹாஸ்டலில் அடைத்து, மூன்று வருஷம் முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று வேலை வாங்கியதும் ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். சொந்த மண்ணிலேயே நாம் கண்ட பூட்டு, பாஷை தெரியாத மண்ணில் இன்னும் கனமாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பாட்டன்மார் காலத்திலும் இதே கதைதான். கங்காணி முன்பணம் கொடுத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தான். கப்பல் செலவும் அரிசிச் செலவும் தொழிலாளி தலையில் கடனாக ஏறின. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கடனும் ஒரு காகிதமும் சேர்ந்து மனிதனைக் கட்டிப்போட்டன. அந்தத் துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் கடனும் காகிதமும் ஒழியவில்லை. இன்று காகிதத்துக்குப் பெயர் பாஸ்போர்ட், விசா.

ஆகவே போவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை எடைபோடச் சொல்கிறோம்.

முதலாவது, கடன்

ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். வருஷத்துக்கு 54,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். இது பணக் கணக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக் கணக்கு. கடன் இல்லாதவன் முதல் அறை விழுந்ததும் "நான் ஊருக்குப் போகிறேன்" என்பான். கடன்பட்டவன் பத்தாவது அறையையும் வாங்கிக்கொண்டு நிற்பான். அடிக்கிறவனுக்கும் இது தெரியும்.

பதிவு பெற்ற ஏஜெண்டு தன் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும் என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்கிறவன் முதல் நாளே சட்டத்தை மீறுகிறான். அவன் சொல்லும் சம்பளத்தை மட்டும் எப்படி நம்புவது? தமிழ்நாட்டு சர்க்காரே 1978-இல் அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் தொடங்கியது. முதலில் அங்கே விசாரித்துவிட்டு, பிறகு ஏஜெண்டு வீட்டுப் படி ஏறுங்கள்.

இரண்டாவது, காகிதம்

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். 1983-ஆம் வருஷச் சட்டத்தின் ஏற்பாடு இது. நம் ஜனங்கள் இதை ஒரு தொந்தரவு என்று நினைக்கிறார்கள். "அலைய வேண்டாம், விசிட் விசாவில் அனுப்பிவிடுகிறேன்" என்கிறான் ஏஜெண்டு. இதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் போய் வேலை செய்கிறவன் அந்த நாட்டில் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. அவனை அடித்தாலும் சம்பளம் கொடுக்காவிட்டாலும், போலீசுக்குப் போக அவனே பயப்படுவான். இந்த அனுமதி பெற்றுப் போகிறவருக்கு விபத்தில் மரணம் நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் உண்டு. விசிட் விசாக்காரருக்கு அது கிடையாது.

பெண்கள் விஷயத்தில் இரட்டை ஜாக்கிரதை வேண்டும். இந்த அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், 30 வயதுக்குக் குறைந்த பெண்களை இந்த 18 நாடுகளுக்கு வேலைக்கு அனுப்பக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். குறுக்கு வழியில் அனுப்புகிறவன் அவளைப் பாதுகாப்பே இல்லாத இடத்துக்கு அனுப்புகிறான் என்று அர்த்தம். வீட்டு வேலை நாலு சுவருக்குள் நடக்கிறது. பக்கத்தில் சாட்சி இல்லை. 2021-இல் சவூதி அரேபியா தொழிலாளர் வேலை மாறவும் ஊர் திரும்பவும் சில தடைகளைத் தளர்த்தியபோதும், வீட்டு வேலைக்காரர்களையும் டிரைவர்களையும் தோட்ட வேலைக்காரர்களையும் அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை. குவைத்தில் 2025 ஜூலை முதல், தனியார் கம்பெனித் தொழிலாளி நாட்டை விட்டு வெளியேறவே முதலாளியின் அனுமதி வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். போகிற நாட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கதவே இல்லாத இடங்களும் உண்டு. 2022-இல் 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை' என்று நம் வாலிபர்களை அழைத்துப் போய், ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடியில் அடைத்தார்கள். ஏமாற்று வேலை செய்யச் சொல்லி அடித்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் அப்படிச் சிக்கிய 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். ரஷ்யாவில் உதவியாள் வேலை என்று போன இந்தியர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டதும், சிலர் மாண்டதும் 2024-இல் நாம் கேட்ட செய்தி. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது, கம்பெனி பெயரையே சொல்லாமலிருப்பது, "அங்கே போனதும் எல்லாம் தெரியும்" என்பது – இவை கொலைக்கூடத்தின் வாசல்.

பாஸ்போர்ட் இந்திய சர்க்காரின் சொத்து. எந்த முதலாளியின் சொத்தும் அல்ல. இருந்தும் பலர் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், கம்பெனி விலாசம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைச் சங்கத்திலும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது, கூட்டம்

ஆபத்து வந்தால் நம் குரலைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரே ஊர்க்காரர் நாலு பேர் உள்ள கம்பெனியா, பாலைவனத்தில் ஒற்றை ஆளாக ஒட்டகம் மேய்க்கும் வேலையா? இரண்டுக்கும் சம்பளம் ஒன்றாக இருக்கலாம்; அபாயம் ஒன்றல்ல.

இதில் நம் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே அநியாயம் நடந்தால் வாசலில் கொடி கட்டி உட்காருவது நம் பழக்கம், நம் உரிமை. சவூதியிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. வேலைநிறுத்தம் செய்தால் சிறையும் நாடுகடத்தலும் நேரலாம். கோபத்தில் வேலையை விட்டு ஓடினால், 'ஓடிப்போனவன்' என்று முதலாளி எழுதிக் கொடுப்பான். பிறகு குற்றவாளி நாம்தான். ஆகவே ஓடுவதானால் இந்தியத் தூதரகத்துக்கு ஓடுங்கள். தெருவில் கிடைக்கும் இன்னொரு வேலைக்கு அல்ல. கதியற்றவர்களுக்குத் தங்குமிடமும் டிக்கெட்டும் கொடுப்பதற்கென்றே 2009-இல் ஒரு நல நிதி ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. அது தர்மம் அல்ல. கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

வீட்டோடு ஒரு அடையாளச் சொல்லும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பக்கத்தில் நின்றால் பெண் எதைச் சொல்ல முடியும்? "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வாள். "சிவப்புப் பசு கன்று போட்டுச்சா?" என்று அவள் கேட்டால் ஆபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம் – இப்படி ஏதாவது ஒன்று. தாயாரும் சங்கமும் மட்டும் அறிந்த சொல்லாக அது இருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! சங்கக் கிளைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நம் ஊரிலிருந்து யார், எந்த நாட்டுக்கு, எந்த விசாவில், எந்த ஏஜெண்டு மூலம் போனார், கடன் எவ்வளவு, கடைசியாகப் போன் வந்தது எப்போது என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரம் போன் வராவிட்டால், வீட்டுக்காரர் அழுதுகொண்டு வரும்வரை காத்திராமல் நாமே கலெக்டர் ஆபீசுக்கும் அயலகத் தமிழர் துறைக்கும் மனுக் கொடுப்போம். ஏமாற்றிய ஏஜெண்டின் பெயர் அந்த நோட்டில் இருந்தால், அடுத்த தெருப் பையன் தப்புவான்.

கடன் கழுத்தை நெரிக்கிறதென்றால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். காகிதம் சரியில்லையென்றால் போகவே வேண்டாம். கூட்டம் இல்லாத இடமென்றால், சம்பளம் இரட்டிப்பானாலும் இரண்டு முறை யோசியுங்கள். மூன்றும் சரியென்றால் தைரியமாகப் போய் வாருங்கள். வழியனுப்ப நாமே பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம்.

"உயிருக்குப் பயமில்லையா" என்று கேட்ட தாயாருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "பயம் உண்டம்மா. ஆனால் கதவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். இன்னொரு சாவி நம் சங்கத்தில் இருக்கிறது."