கான் ஓரத்து மார்க்கான்சியா

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், மழை ஓய்ந்து நாட்கள் சென்ற பின்னும் ஈரம் காயாத வடிகால் கான்களின் உட்சுவரிலும், பீலிக்கரைக் கற்களிலும், லயங்களின் நிழல் விழும் பின்புறத்திலும் மண்ணோடு ஒட்டிப் படரும் பச்சைத் தகடுகளைப் பலரும் பாசி என்றே சொல்லிக் கடந்துவிடுகின்றனர். உண்மையில் அது ஈரலுருத் தாவரங்கள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்த மார்க்கான்சியா. வேரும் பூவும் வித்தும் நீரைக் கடத்தும் கலன்களும் இல்லாத இக்கூட்டம், தரைத் தாவரங்களின் மிகப் பழைய கிளைகளுள் ஒன்றாகும்.

இதன் உடல், இலை என்றும் தண்டு என்றும் பிரியாத தட்டையான தகடாக இருப்பதால் பிரிவிலி எனப்படுகிறது. கைவில்லையை வைத்து நோக்கினால், அதன் மேற்பரப்பு சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டிருப்பதும், ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி இருப்பதும் தெரியும். அப்புள்ளி காற்றுத்துளையாகும். தேயிலை இலையின் துளைகள் வெயிலில் தம்மை மூடிக்கொள்ள வல்லவை, மார்க்கான்சியாவின் துளைகளோ அவ்வாறு மூடுவதில்லை என்பதால், வறண்ட காற்று வீசும் இடத்தில் அது நீரை விரைவில் இழந்துவிடுகிறது. நிழலையும் அசையாத ஈரக்காற்றையும் அது நாடுவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

தகட்டின் மேல் ஆங்காங்கே, விளிம்பில் பற்கள் கொண்ட சிறு கிண்ணங்கள் தோன்றும். அவற்றினுள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவான பச்சை வில்லைகள் நிரம்பியிருக்கும். ஜெம்மா எனப்படும் இவை கலப்பின்றி இனம் பெருக்குபவை. கிண்ணத்துக்குள் இருக்கும்வரை முளைக்காமல் அடங்கியிருக்கும் ஜெம்மா, மழைத்துளி விழுந்து சிதறும் வேகத்தில் வெளியே தெறித்து, விழுந்த இடத்தில் எந்த முகத்தில் ஒளி படுகிறதோ அதனை மேற்புறமாகவும், மறுமுகத்தை வேர்ப்போலிகள் என்னும் மெல்லிய இழைகள் இறங்கும் கீழ்ப்புறமாகவும் ஆக்கிக்கொள்கிறது. ஒரு துளி மழையைத் தவிர வேறெந்தத் துணையும் வேண்டாத இந்த ஏற்பாடு வியந்து போற்றத்தக்கது.

பதுளை அடங்கிய ஊவாவின் பருவநிலை இத்தாவரத்துக்கு ஆண்டில் பாதியைக் கொடுத்துப் பாதியைப் பறிக்கிறது எனலாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பொழியும் மழையில் கான் சுவர்களெல்லாம் பசுமை கொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட கச்சானாக இங்கே இறங்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் நறுமணம் கூடுகிறது, மார்க்கான்சியாவோ ஊற்றுக்கண்களையும் ஓடைக் கரைகளையும் நோக்கிப் பின்வாங்குகிறது. ஆகவே, ஊவாவில் இதனை வளர்க்க விரும்புவோர் நீரூற்றுவதைக் காட்டிலும் காற்றைத் தடுப்பதில்தான் கருத்தூன்ற வேண்டும்.

அடியில் துளையுள்ள ஆழமற்ற மண்சட்டியில், சலித்த மண்ணோடு மணலும் சிறிது கரித்தூளும் கலந்து நிரப்பி, அதனைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்வது நல்லது. தீயில் வெந்த ஈரமண்ணில் முதலில் குடியேறும் இயல்பு மார்க்கான்சியாவுக்கு உண்டு என்பதால் கரித்தூள் அதற்குப் பகையாவதில்லை. நனைத்த தூரிகையின் நுனியால் ஜெம்மாக்களைத் தொட்டெடுத்து மண்ணின் மேல் பரப்பி, புதைக்காமல் விட்டு, சட்டியைக் கண்ணாடித் தகட்டால் மூடி, நேர்வெயில் படாத சுவரோரம் வைத்தால் சில வாரங்களில் தகடுகள் கிளைக்கத் தொடங்கும். பூஞ்சணம் பிடிக்காதிருக்க மூடியை அவ்வப்போது திறக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரினும் மழைநீர் சிறந்தது. தாய்த் தகட்டைத் தோட்டத்துக் கானிலிருந்து எடுத்தாலே போதும். பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து தாவரங்களை எடுப்பது சட்டப்படி குற்றமாகும்.

தேயிலை நாற்றுமேடையில் இதே தாவரம் களையாகிவிடுகிறது. கன்றுப் பைகளின் வாயை அது தகடாக மூடும்போது, ஊற்றும் நீர் மண்ணுக்குள் இறங்கத் தடை ஏற்படுகிறது; எனினும் கையால் சுரண்டியெறிவது மட்டும் தீர்வாகாது, ஏனெனில் சுரண்டும்போது சிந்தும் ஜெம்மாக்கள் அடுத்த பைக்குள் விழுந்து முளைக்கும். மேற்பரப்பு சற்றே காய்ந்த பின்னரே மீண்டும் நீரூற்றுவதும், பைகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதும், தேங்கும் நீரை வடியச் செய்வதும் அதனைக் கட்டுப்படுத்தும் வழிகளாகும்.