பொய்முடி பூணுவோர்



தமிழில் முடி என்னும் ஒரே சொல் அரசன் சூடும் மகுடத்தையும் குறிக்கும். தலையில் வளரும் மயிரையும் குறிக்கும். மகுடம் இழந்த மன்னனுக்கு இரங்கும் உலகம், மயிர் இழந்த மனிதனைக் கண்டு நகைப்பது ஏன்? அவன் பொய்முடி பூண்டால் இன்னும் மிகுதியாக நகைப்பது ஏன்?

பொய்முடி நேற்றுத் தோன்றியதன்று. பண்டை எகிப்தியர் மனித மயிராலும் தாவர நாராலும் அதனைச் செய்து, தேன்மெழுகால் நிலைநிறுத்தி அணிந்தனர். 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சு மன்னன் பதின்மூன்றாம் லூயி தன் வழுக்கையை மறைக்கப் பொய்முடி பூண்டான். அரசவையினரும் அவனைப் பின்பற்றினர். குறையை மறைக்க வந்த பொருள் பெருமைக்கு அடையாளமாயிற்று. இன்றும் இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் பொய்முடியோடு அமரும் நீதிபதியைக் கண்டு எவரும் நகைப்பதில்லை.

முடியிழப்புக்குக் காரணங்கள் பல. ஆடவரின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையால் வருவது. வட்ட வட்டமாக மயிர் உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழுவுமில்லை, வெட்டுமில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மயிர்வேரைப் பகையென மயங்கித் தாக்குகிறது. அது பிறர்க்குத் தொற்றாது. புற்றுநோய்க்குரிய மருந்துகள் சில, விரைந்து பெருகும் கலங்களை அழிப்பவை. மயிர்வேரின் கலங்களும் அத்தகையன ஆதலின், சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் சில மாதங்களில் அது பெரும்பாலும் மீண்டும் வளரும்.

காரணத்துக்கேற்ப வழியும் வேறுபடும். பரம்பரை வழுக்கைக்குப் பூசுமருந்து உண்டு. பின்தலையின் மயிர்வேர்களை எடுத்து முன்தலையில் நடும் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆயினும் அது உள்ள மயிரை இடம் மாற்றுவதேயன்றிப் புதிதாகப் படைப்பதன்று. மீண்டும் முளைக்கவிருக்கும் முடிக்கு அது வேண்டுவதுமன்று; அதுவரை பொய்முடியே போதும். மனித மயிராற் செய்தது விலை கூடியது, விரும்பியவாறு சீவலாம். செயற்கை இழையாற் செய்தது மலிவானது. ஆனால் அடுப்பின் அனல் பட்டாற் சுருங்கிவிடும். நமது வெப்பத்துக்கு உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அணிதல் நன்று. முடி உதிருமுன்னரே தெரிந்தெடுத்தால் நிறமும் வடிவும் பொருந்தும். நோயாளர்க்கெனத் தம் நீண்ட கூந்தலைக் கத்தரித்து வழங்கும் பெண்கள் நம் நாட்டிலும் உளர். அவர்தம் கொடை சிறிதன்று.

பொய்முடி பூணுதல் பொய்யொழுக்கமன்று. கண்ணாடி அணிபவரை நாம் ஏமாற்றுவோர் என்பதில்லை. பொய்முடியோ, தொப்பியோ, முக்காடோ, வெறுந்தலையோ, எது வேண்டுமென்று துணிவது அவரவர் உரிமை.

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சிகிச்சை முடித்து வகுப்புக்குத் திரும்பும் சிறுமியை, தலையை மூடி வரலாகாது என்னும் விதி வாயிலில் தடுத்து நிறுத்தலாகாது. அவளும் பெற்றோரும் இசைந்தால், அவள் வருமுன்னரே ஆசிரியர் சகமாணவர்க்கு உண்மையை எடுத்துரைக்க வேண்டும். நோயை வென்று வந்த பிள்ளை, ஒரு கேலிச் சொல்லுக்கு அஞ்சிப் படிப்பை விடுமாயின், அப்பழி நோயினுடையதன்று, நம்முடையதே.