பெண்கள் கண்ட தலைமை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

'பணிக்களத்தில் பெண்களின் தலைமை' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தலைமை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? வயலில் பண்ணையார், தேயிலைத் தோட்டத்தில் கங்காணி, ஆலையில் மேஸ்திரி. ஒருவர் நின்று ஏவுவதும், பலர் குனிந்து உழைப்பதுமே நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்ட தலைமை. அந்த ஏவலின் சுமையை மிகுதியும் தாங்கியவர்கள் நம் பெண்கள்.

ஆயினும் நம்மிடையே பெண்தலைமை புதிதன்று. 1904இல் இரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்கள், 1945இல் பம்பாயில் நடைபெற்ற அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் பெடரேஷனின் மகளிர் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்கள். மேடை அன்றே நமக்குக் கிடைத்தது. பணிக்களமோ நெடுங்காலம் கிடைக்கவில்லை.

அந்தக் களத்திலும் ஒரு மாற்றத்தைத் திண்டுக்கல் மாவட்டத்தில் காண்கிறோம். அங்கே 2013இல் தோன்றிய தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பெண்களால், பெரும்பாலும் தலித் பெண்களால், நடத்தப்படுவது. 2021 சனவரியில் அம்மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த தலித் இளம்பெண் கொலையுண்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அழுது ஓய்ந்துவிடவில்லை அப்பெண்கள். ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்துடனும், அங்கே ஆடை வாங்கிய சுவீடன் நாட்டு எச் அண்டு எம் நிறுவனத்துடனும் ஓர் உடன்பாடு கண்டனர். பாலின வன்முறையோடு சாதி இழிவையும் அது தடை செய்தது. ஆலை அதனை மீறினால் வணிகத்தில் இழப்பு நேரும் என்பதால், உடன்பாடு வெறுங்காகிதமாகப் போகவில்லை.

அதன் உயிர்நாடி எது தெரியுமா? தையற்பொறியில் அமர்ந்து வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்றுவித்தது. மணிக்கு இத்தனை உருப்படி என்னும் இலக்கை எட்டவே மேற்பார்வையாளர்கள் ஏசுகிறார்கள். அந்த ஏச்சே பின்னர் தீண்டலாகவும் மிரட்டலாகவும் வளர்கிறது. அதனைப் பக்கத்துப் பொறியில் இருப்பவள் அறிவாள். மேல்மாடி அலுவலகத்தில் இருப்பவர் அறியார். குறை சொன்னவளைப் பழிவாங்கலாகாது என்னும் காப்பும் கிடைத்தது. ஏவுகின்ற தலைமை போய், கேட்கின்ற தலைமை வந்தது.

பெரியோர்களே! இவ்விழா அழைப்பிதழில் நிருவாகக் குழுவினரின் பெயர்களைப் படித்தேன். ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. பழி கூற வந்தவள் அல்லேன். இக்குடும்பத்தில் ஒருத்தி என்னும் உரிமையால் சொல்லுகிறேன். பெண்ணுக்கு ஒரு நாற்காலி இடுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள். நம் பள்ளியிலும் விடுதியிலும் பயிலும் மாணவியர் தம்முள் ஒருத்தியைத் தேர்ந்து, அவள் வாயிலாகத் தம் குறைகளை அஞ்சாது கூறும் முறையை ஏற்படுத்துங்கள். கல்வி கற்ற பெண் நாளை பணிக்களம் புகுவாள். அங்கே குனியாமல் நிற்கவும், பிறரைக் குனிய வைக்காமல் நடத்தவும் அவள் இங்கேயே பழக வேண்டும்.

சங்கத்தின் பொன்விழா மேடையில் அத்தகைய பெண்கள் அமர்ந்திருக்க வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.