அனுப்பி வைத்தால் போதுமா?

(கட்சிக் கிளைத் தோழர்களும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் கலந்துகொண்ட தாலுகாக் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)



விலைவாசியைப் பற்றியும் நாட்டு நிலைமையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய தோழர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். அவற்றை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நான் ஒரு தாயின் காலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நம் தாலுகாவில் ஆற்றுப் பாசனத்துக் கிராமம் ஒன்று. அங்கே ஒரு விவசாயத் தொழிலாளித் தாய் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர். புருஷன் காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் தம் வயிற்றைத் தாமே கழுவி வந்தவர். நம் சங்கத்தின் பழைய மெம்பர். கூலி உயர்வுப் போராட்டத்தில் கொடி பிடித்து முன்னால் நடந்தவர்.

ஒருநாள் என்னிடம் வந்தார். "தம்பி, இனிமே என்னால குனிஞ்சு நடவு நட முடியல. முதியோர் பென்ஷனுக்கு ஒரு மனு எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய்ப் பதிந்தேன். ரசீதைக் கையில் கொடுத்து, "வந்துடும் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாத ரிப்போர்ட்டில் "முதியோர் பென்ஷன் மனுக்கள் 14" என்று எழுதினேன். அந்தப் பதினாலில் அவரும் ஒருவர்.

எட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். அந்தத் தாய் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் துணி சுற்றியிருந்தது. "நீ எழுதிக் குடுத்தியே தம்பி, அது எங்க போச்சு?" என்று கேட்டார்.

விசாரித்தேன். மனு எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. குடும்ப அட்டையில் இருந்த பெயருக்கும் ஆதாரில் இருந்த பெயருக்கும் ஓரெழுத்து வித்தியாசம்! தள்ளுபடியான செய்தி போன் நம்பருக்குப் போயிருக்கிறது. அது மகனுடைய பழைய நம்பர். அவன் அதை மாற்றி வெகு நாளாகிறது.

சரி, காலில் புண் எப்படி வந்தது? அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போயிற்று. நடவுக் காலத்தில் இரண்டு மாதம் போகவில்லை. காலில் முள் குத்தியது தெரியவில்லை, புண்ணாகிவிட்டது. டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் போனார். அதற்காக வாரத் தவணைக் கடன் வாங்கினார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு நாளும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவருடைய டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருந்தது! அதை எங்கே, எப்போது காட்டுவது என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆளும் இல்லை.

இது யாருடைய குற்றம்? சர்க்காரைக் கண்டிக்கலாம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு எட்டு மாதம் திரும்பிப் பாராமல் இருந்தவன் யார்? நான்தான். இதைச் சுயவிமர்சனமாகவே உங்கள் முன்னால் வைக்கிறேன்.

தோழர்களே! ஏழைகளுக்கு என்று திட்டங்கள் பல இருக்கின்றன. முதியோர் பென்ஷனை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்கிறார்கள். உடலுழைப்புத் தொழிலாளருக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி நலவாரியங்கள் அமைந்தன. காச நோயாளியின் சாப்பாட்டுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக்கினார்கள். இவை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த தானமல்ல. தொழிலாளி வர்க்கம் கேட்டும் போராடியும் பெற்ற உரிமைகள். இவை போதாது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆபீசில் இருக்கிறது. மாத்திரை ஓரிடத்தில், பென்ஷன் ஓரிடத்தில், குடும்ப அட்டை வேறிடத்தில், பணம் வந்து சேருவது பாங்கியில். காச நோயாளிக்குப் பாங்கிக் கணக்கு இல்லையென்றால் அந்த ஆயிரம் ரூபாய் அவனுக்குக் கனவில் கண்ட பணம்தான். பண்ணையாருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு போன் போதும். டாக்டரே வீட்டுக்கு வருவார். ஏழை மட்டும் ஐந்து ஆபீசுக்கு நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலியைக் கொடுக்க வேண்டும். வழி தெரியாத இடத்தில்தான் புரோக்கர் முளைக்கிறான். நூறு ரூபாய் கொடு, இருநூறு கொடு என்கிறான். அலைய விடுவதும் இல்லை என்று மறுப்பதும் ஏழைக்கு ஒன்றுதான்!

பணம் கொடுக்க வழியில்லை என்பதற்காக ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று 1946-லேயே போர் கமிட்டி சொல்லிவிட்டது. பணம் மட்டுமா தடை? தூரம் தடை. காகிதம் தடை. அந்தத் தாய்க்கு விரல் போனது மாத்திரையின் விலையாலா? மாத்திரை இலவசம்தானே! மாத்திரைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் இல்லாததால் போயிற்று.

அந்த நடுவில் நிற்கும் ஆள்தான் இன்று இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகள்.

2005-இல் தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் வந்தபோது, ஆயிரம் ஜனத்தொகைக்கு ஒரு பெண் என்ற கணக்கில் ஆஷா ஊழியர்களை நியமிக்கத் தொடங்கினார்கள். இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அந்த வேலையைச் செய்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே பரிசோதனை செய்வதும், மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள் வேலை. படுக்கையில் கிடப்பவர்களுக்காக வட்டாரத்தில் நர்சும் இயன்முறை வைத்தியரும் உண்டு.

நான் சொன்ன அந்தத் தாயின் வீட்டுக்கும் ஒரு சகோதரி போனார். சர்க்கரை பார்த்தார். மாத்திரை கொடுத்தார். நர்சை அழைத்துவந்து புண்ணைக் கட்டச் செய்தார். அத்தோடு திரும்பியிருக்கலாம், அவருக்கு இட்ட வேலை அவ்வளவுதான். ஆனால் அவர் அடுப்பைப் பார்த்தார். அடுப்பு எரியவில்லை. "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க அம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் பென்ஷன் விஷயம் வெளியே வந்தது. அவர்தான் எனக்குப் போன் செய்து, "தோழர், நீங்க குடுத்த ரசீதுதானே இது?" என்று கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. குடும்ப அட்டையில் பெயரைத் திருத்த ஒரு நடை, மறுபடியும் மனுப்போட ஒரு நடை, விசாரணைக்கு ஒரு நடை. இருவரும் மாறிமாறி உடன் போனோம். பென்ஷன் வந்தது. போன விரல்கள் வரவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று. 'அனுப்பி வைத்தேன்' என்பது வேலையல்ல. போய்ச் சேர்ந்தாரா, கிடைத்ததா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. காப்பீடு என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் உதவும். படுக்காமல் காப்பாற்றுவது மாதா மாதம் வரும் மாத்திரையும், அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கும் மனுஷியும்தான்.

அந்த மனுஷியை நாடு எப்படி நடத்துகிறது? தன்னார்வலர் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! தொழிலாளி என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும். தன்னார்வலர் என்றால் மதிப்பூதியம் போதும். நம் மாநிலத்தில் திட்டம் தொடங்கிய காலத்தில் மாதம் 4,500 ரூபாய் என்றார்கள். ஆஷா ஊழியருக்குச் சம்பளமல்ல, ஊக்கத்தொகை. 2013-இல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த மாநாடு அது. 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆஷா ஊழியர்களுக்கு விருது கொடுத்தது. மந்திரிகள் பாராட்டினார்கள். விருதைச் சுவரில் மாட்டலாம். உலையில் போட முடியுமா?

இது அந்தப் பெண்களின் சொந்தக் கோரிக்கை மட்டுமல்ல. பஸ்ஸுக்குக் காசில்லாத ஊழியர் கடைசித் தெருவுக்கு எப்படிப் போவார்? நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், மனுவைத் தள்ளிய ஆபீசில் நின்று எப்படிக் கேள்வி கேட்பார்? அவருடைய சம்பளமும் அந்தத் தாயின் காலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு அது ஊர் ஊராகப் பரவியது. அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். 2008-இல் மாநில சர்க்கார் அதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. பஞ்சாயத்துகள் நிதி ஒதுக்கி நர்சுகளை வீடு வீடாக அனுப்பின. ஊர் கைகொடுத்தது; பஞ்சாயத்து பொறுப்பேற்றது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் காரியம் நடந்திராது.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு மூன்று வேலைகள் சொல்லுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்கு என்ன நோய், என்ன காகிதம் குறைகிறது, எங்கே அனுப்பினோம், எந்தத் தேதியில் திரும்பிப் பார்த்தோம், முடிவு என்ன? கடைசிக் கட்டம் நிரம்பாத பெயரை ரிப்போர்ட்டில் கணக்குக் காட்டாதீர்கள். என்னைப் போல் "மனுக்கள் 14" என்று எழுதாதீர்கள்!

இரண்டாவது, சிபாரிசுச் சீட்டு வேண்டாம். 'நம்ம ஆளு, பார்த்துச் செய்யுங்க' என்று சொல்லும்போது உரிமையை நாமே தயவாக மாற்றிவிடுகிறோம். கட்சிக்காரருக்கு ஒரு வழி, மற்றவருக்கு ஒரு வழி என்றால் புரோக்கருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நமக்கு ஓட்டுப் போடாதவர் வீட்டுக்கும் போங்கள்.

மூன்றாவது, இந்தச் சகோதரிகளின் வேலையை நாம் பறித்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் நாமே சேவையாகச் செய்துவிட்டால் சர்க்காருக்குத்தான் சந்தோஷம்! அவர்கள் போகும் வழியில் முள் கிடந்தால் எடுப்பது நம் வேலை. அவர்கள் தொழிலாளர்களாக அங்கீகாரம் கேட்கும்போது பக்கத்தில் நிற்பதும் நம் வேலை.

போன வாரம் அந்தத் தாயைப் பார்த்தேன். கோலை ஊன்றி நடக்கிறார். சம்பளக் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்குகிறோம் என்று அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. "அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் கேட்டு மனுக் குடுக்கறீங்களாமே தம்பி, அதுல என் கைநாட்டையும் வாங்கிக்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "குடுத்துட்டு மறந்துடாதே. என்ன ஆச்சுன்னு வந்து சொல்லு" என்றார்.

தோழர்களே! அவர் கைநாட்டு வைத்த காகிதம் இதோ என் கையில் இருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு மறக்க மாட்டோம். என்ன ஆயிற்று என்று அந்தத் திண்ணைக்குப் போய்ப் பதில் சொல்லும் வரையில் நம் வேலை முடியவில்லை.